எக்ஸ்பைஸ்: பொத்தானா, நிரலா?

இந்திய ஆய்வுக்கூடங்களுக்கென்று இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட சோதனைக் கருவிகளுள் எக்ஸ்பைஸ் என்னும் சிறு பெட்டியைப் போல நம்பிக்கை ஊட்டியது வேறில்லை எனலாம். இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பாராட்டியே பேசுவர். பாராட்டு தகுந்ததுதான். ஆயின் ஒரு கருவி நல்லது என்று சொல்வது வேறு. அதனை நாம் நன்றாகப் பயன்படுத்துகிறோம் என்று சொல்வது வேறு. இக்கட்டுரையில் கருவியையும், அதை இயக்கும் மென்பொருளையும், இரண்டையும் கையாளும் நம் வழக்கத்தையும் சேர்த்தே மதிப்பிடுவோம்.

முதலில் வரலாறு. புது தில்லியில் இன்டர் யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் எனப்படும் முடுக்கி ஆய்வு மையம் உள்ளது. பல்கலைக்கழகங்களில் அறிவியல் கல்வியை மேம்படுத்துவதற்காக இம்மையம் 2004ஆம் ஆண்டில் பீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. குறைந்த செலவில் ஆய்வுக்கூடக் கருவிகளை ஆக்குவதும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும் அதன் இரு பணிகள். அம்மையத்தின் விஞ்ஞானி பி.பி.அஜித்குமார் இத்திட்டத்தின் உயிர்நாடியாக விளங்கினார். எக்ஸ்பைஸ் அத்திட்டத்தில் பிறந்தது. "இளம் பொறியாளர்க்கும் அறிவியலாளர்க்குமான சோதனைகள்" என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர்.

பெட்டி கணிப்பொறியின் யூ.எஸ்.பி. வாயிலில் இணைகிறது, தனி மின்வழங்கி வேண்டுவதில்லை. எக்ஸ்பைஸ்-17 என்னும் வடிவத்தில் நான்கு தடங்கள் கொண்ட அலைவுகாட்டி, சைன் அலை ஆக்கி, சதுர அலை ஆக்கி, விரும்பிய மின்னழுத்தத்தைத் தரும் முனைகள், அதிர்வெண் அளவி, மின்தேக்குத்திறன் அளவி ஆகிய யாவும் அடங்கியுள்ளன. மென்பொருள் யாவர்க்கும் பொது; அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மின்சுற்று வரைபடமும் மறைக்கப்படவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களின் மூடிய பெட்டிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய கொடை.

கருவிக்கு ஒரு மொழி

இப்பெட்டியின் உண்மையான சிறப்பு விலையில் இல்லை. பைத்தான் என்னும் நிரல்மொழியில் சில வரிகள் எழுதி, கருவியை நம் சொற்படி நடக்கச் செய்ய முடிவதே அதன் சிறப்பு. இக்கருத்து எங்கிருந்து வந்தது என்று அறிவது நல்லது.

அளவிடும் கருவிகளைக் கணிப்பொறியோடு இணைக்கும் முயற்சி 1960களிலேயே தொடங்கிவிட்டது. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் தன் கருவிகளுக்கென வகுத்த இணைப்பு முறை, 1975இல் ஐ.இ.இ.இ. 488 என்ற பொதுத் தரமாயிற்று. ஒரே தடத்தில் 15 கருவிகள் வரை இணைக்கலாம். ஆனால் கம்பி பொதுவானதே தவிர மொழி பொதுவாகவில்லை. ஒரு நிறுவனத்தின் மின்னழுத்தமானிக்கு ஒரு கட்டளை, மற்றொன்றுக்கு வேறு கட்டளை என்றிருந்தது. 1990இல் கட்டளைகளுக்கும் ஒரு பொதுத் தரம் வகுக்கப்பட்டது. இன்றும் பெரிய ஆய்வுக்கூடங்களில் கருவியை இணைத்தவுடன் அனுப்பும் முதல் கட்டளை, நட்சத்திரக் குறியும் 'ஐ.டி.என்.' என்ற மூன்று எழுத்துகளும் ஒரு வினாக்குறியும் சேர்ந்ததாகும். "நீ யார்?" என்பதே அதன் பொருள். கருவி தன்னை ஆக்கிய நிறுவனம், தன் வகை, வரிசை எண், உள்நிரலின் பதிப்பு ஆகியவற்றை விடையாகச் சொல்லும்.

எக்ஸ்பைஸின் கட்டளைகள் இத்தரத்தைச் சார்ந்தவையல்ல. ஆனால் எண்ணம் ஒன்றே. முதல் வரியில் எக்ஸ்பைஸின் நிரல் நூலகத்தை அழைக்கிறோம். இரண்டாம் வரியில் கருவியைத் திறந்து அதற்கு ஒரு பெயர் இடுகிறோம். மூன்றாம் வரியில் "இம்முனையில் 2 வோல்ட் வை" என்கிறோம். நான்காம் வரியில் "அம்முனையின் மின்னழுத்தம் என்ன?" என்று கேட்கிறோம். இந்த நான்கு வரிகளைத் தானே எழுதிய மாணவர், கருவி என்பது கேட்டதற்கு விடை சொல்லும் பொருள் என்பதையும், கேள்வி தவறானால் விடையும் தவறாகும் என்பதையும் ஒருங்கே கற்கிறார்.

நிறுவும்போதே தொடங்கும் இடர்

இனிக் குறைகளைக் காண்போம். முதல் இடர் மென்பொருளை நிறுவுவதில் இருக்கிறது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் எக்ஸ்பைஸ் தொகுப்பாகவே கிடைக்கிறது. ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். ஆயினும் தொகுப்பை விட்டுவிட்டுக் கோப்புகளை மட்டும் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்போது நிரல் ஓடத் தொடங்கியதும் "பெர்மிஷன் டினைட்" என்ற செய்தி தோன்றும். மாணவர் பெட்டி பழுது என்று நினைப்பார். பெட்டியில் பழுது ஏதுமில்லை. லினக்ஸில் தொடர்வாயிலைப் பயன்படுத்த ஒவ்வொரு பயனருக்கும் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி பெற்றவர்களின் குழுவிற்கு 'டயல்அவுட்' என்று பெயர். தொலைபேசிக் கம்பி வழியே கணிப்பொறிகள் பேசிய காலத்தின் எச்சம் அப்பெயர். தொகுப்பாக நிறுவினால் தேவையான விதியும் கூடவே வந்துவிடும். கோப்பை மட்டும் நகலெடுத்தால் வராது.

இரண்டாம் இடர் பழைய நிரல்கள். பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட எக்ஸ்பைஸ் நிரல்கள் பல அப்பதிப்பிற்கானவை. அவை செய்முறைக் குறிப்பேடுகளில் ஆண்டுதோறும் படியெடுக்கப்படுகின்றன. திரையில் எழுதச் சொல்லும் கட்டளைக்கு மூன்றாம் பதிப்பில் அடைப்புக்குறி வேண்டும். இல்லையெனில் நிரல் நின்றுவிடும். நின்றுவிட்டால் நல்லது, தவறு தெரிந்துவிடும். தெரியாமல் போகும் மாற்றம் ஒன்றும் உண்டு. முழு எண்களான 3ஐ 2ஆல் வகுத்தால் பழைய பதிப்பு 1 என்று சொல்லும், புதியது 1.5 என்று சொல்லும். ஒரே நிரல், இரு கணிப்பொறிகள், இரு விடைகள்! எனவே எந்தப் பதிப்பில் ஓடியது என்பதைக் குறிப்பேட்டில் எழுதாத சோதனை முழுமையான சோதனை ஆகாது.

இவை பெரிய குறைகள் அல்ல. ஆனால் விளைவு பெரிது. நிறுவத் தெரிந்தவர் துறைக்கு ஒருவராகி விடுகிறார். அவர் மாற்றலாகிப் போனால் பெட்டி அலமாரிக்குப் போய்விடுகிறது. ஆகவே நிறுவுவதையே ஒரு செய்முறைப் பாடமாக வைப்பது தகும்.

ஆயத்தத் திரையின் கவர்ச்சி

எக்ஸ்பைஸ் மென்பொருளில் பள்ளிச் சோதனைகள், மின்னணுவியல், மின்னியல், ஒலி, இயந்திரவியல் என்று பட்டியல்கள் உள்ளன. வேண்டிய சோதனையைத் தேர்ந்தால் அதற்கென ஆயத்தம் செய்த திரை வரும். பொத்தானை அழுத்தினால் வரைபடம் தோன்றும். இன்னொன்றை அழுத்தினால் விடையும் தோன்றும். செய்துகாட்டலுக்கு இது மிக ஏற்றது. ஆனால் நம் வகுப்புகளில் பெரும்பாலும் இத்திரையோடு சோதனை முடிந்துவிடுகிறது. என் குறை இங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். 1 கிலோ ஓம் மின்தடையையும் 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியையும் தொடராக இணைத்து, மின்தேக்கியை 5 வோல்ட் வரை மின்னேற்றிப் பின் மின்னிறக்குகிறோம். மின்னழுத்தம் குறையும் வேகத்தைக் காட்டும் கால மாறிலி, மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கக் கிடைப்பது. இங்கே 1 மில்லி விநாடி. ஆயத்தத் திரையில் இது இரண்டு பொத்தான் வேலை.

இதையே நிரலாக எழுதினால் மாணவர் என்னென்ன முடிவு செய்யவேண்டும் என்று பாருங்கள். எத்தனை முறை படிப்பது? எவ்வளவு இடைவெளியில் படிப்பது? 10 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறையாக 500 முறை படித்தால் 5 மில்லி விநாடி, அதாவது ஐந்து கால மாறிலிகள் அளவுக்குப் பதிவாகும். இடைவெளியை 1 மைக்ரோ விநாடியாகக் குறைக்க முடிந்தால் அரை மில்லி விநாடிதான் பதிவாகும். வளைவு நேர்கோடு போலத் தெரியும். ஆகவே கருவியைக் கேட்பதற்கு முன் மாணவர் தாளில் கணக்குப் போட்டாக வேண்டும்.

அடுத்து, மின்னிறக்கத்தைத் தொடங்குவதும் படிக்கத் தொடங்குவதும் ஒரே கணத்தில் நிகழவேண்டும். "முனையைத் தாழ்த்து" என்று ஒரு வரியும் "படிக்கத் தொடங்கு" என்று அடுத்த வரியும் எழுதினால், இரண்டு வரிகளுக்கும் இடையில் கணிப்பொறி வேறு வேலைக்குப் போய்விடலாம். சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும் நிகழ்ச்சிக்கு அந்தத் தாமதம் அதிகம். ஆதலால் இரண்டையும் சேர்த்துச் செய்யும்படி ஒரே கட்டளை நூலகத்தில் தரப்பட்டுள்ளது. காலத்தைக் கணிப்பொறி கணிப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் நுண்கட்டுப்படுத்தி கணிக்கிறது. கருவிகளை நிரலால் இயக்கும் கலையில் இதைவிட முக்கியமான பாடம் இல்லை. ஆயத்தத் திரையிலோ இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரிவதில்லை.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது

திரை ஓர் எண்ணைத் தருகிறது. தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்களோடு தருகிறது. மாணவர் அத்தனையையும் குறிப்பேட்டில் எழுதுகிறார். அந்த இலக்கங்களில் எத்தனை மெய்?

ஏ1 என்னும் முனை -16 முதல் +16 வோல்ட் வரை ஏற்கும். 12 பிட் அளவீட்டில் இந்த 32 வோல்ட் 4096 படிகளாகப் பிரிகிறது. ஒரு படி சுமார் 7.8 மில்லிவோல்ட். அதற்குக் குறைந்த மாற்றத்தை இந்த எல்லையில் கருவி காணாது. நம் மின்தேக்கி 5 வோல்ட்டிலிருந்து இறங்கத் தொடங்கி ஐந்து கால மாறிலிகள் கழிந்தபின் அதில் எஞ்சுவது சுமார் 34 மில்லிவோல்ட். நான்கு படிகளுக்குச் சற்று மேல். ஏழு கால மாறிலிகள் கழிந்தபின் எஞ்சுவது 4.6 மில்லிவோல்ட், ஒரு படிகூட இல்லை. வளைகோட்டின் வால்பகுதி இவ்வாறு படிக்கட்டாக இருக்க, அதையும் சேர்த்துக் கணக்கிட்ட விடைக்கு ஐந்து இலக்கத் துல்லியம் கூறுவது பொருந்துமா? இதில் மின்தடையின் பொன்னிற வளையம் 5 விழுக்காடு வேறுபாட்டை வேறு சுட்டுகிறது.

இன்னும் நுட்பமானது ஒன்று. ஏ1 முனையின் உள்தடை 1 மெகா ஓம். அளக்கும் கருவியே சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மின்தடை 1 கிலோ ஓம் ஆனால் இதன் பாதிப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு, விட்டுவிடலாம். 100 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் எடுத்தால்? எதிர்பார்க்கும் கால மாறிலி 10 மில்லி விநாடி. ஆனால் 100 கிலோ ஓமுக்குப் பக்க இணைப்பாக 1 மெகா ஓம் நிற்பதால் பயனுறு மின்தடை 90.9 கிலோ ஓம் ஆகிறது. கால மாறிலி 9.1 மில்லி விநாடியாகக் கிடைக்கிறது. 1 மெகா ஓம் எடுத்தாலோ விடை சரிபாதியாகிவிடும்! திரை இவற்றுள் எதையும் எச்சரிப்பதில்லை. மாணவர் மின்தேக்கியைக் குறை கூறுவார், அல்லது விடையைத் "திருத்தி" எழுதுவார். இரண்டாவது பழக்கம்தான் அறிவியல் கல்விக்கு நஞ்சு.

இத்தகைய செய்திகள் கையேட்டில் அறவே இல்லை என்று கூற மாட்டேன். முனைகளின் எல்லைகளும் உள்தடையும் தரப்பட்டுள்ளன. ஆனால் அவை தொடக்கத்தில் பட்டியலாக நிற்கின்றன. சோதனைகள் பின்னே வரிசையாக வருகின்றன. பட்டியலில் உள்ள 1 மெகா ஓம், சோதனையில் விடையை மாற்றுகிறது என்று இணைத்துக் காட்டுவதற்கு இன்னும் இடம் தந்திருக்க வேண்டும். எத்தனை சோதனைகள் செய்யலாம் என்பதில் காட்டிய ஆர்வத்தில் பாதியை, ஒரு சோதனையை எவ்வளவு ஆழமாகச் செய்யலாம் என்பதில் காட்டியிருக்கலாம்.

மூல ஓலையும் படியோலையும்

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவரது திருமணத்தின்போது முதியவர் ஒருவர் அடிமை ஓலையைக் காட்டி வழக்காடிய கதையை இப்பகுதியில் அறியாதார் இல்லை. சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர், கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்று எடுத்துக் காட்டினார். அவையினர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

நம் ஆய்வுக்கூடங்களில் நடப்பதை இதனோடு ஒப்பிடலாம். குறிப்பேட்டில் ஒட்டப்படும் அச்சிட்ட வரைபடம் படியோலை. 500 அளவீடுகள் கொண்ட கோப்பும், அவற்றைப் பெற எழுதிய நிரலுமே மூல ஓலை. வரைபடத்தில் ஐயம் எழுந்தால் கோப்பைத் திறந்து பார்க்கலாம். கோப்பில் ஐயம் எழுந்தால் நிரலைப் படித்துப் பார்க்கலாம். எந்த எல்லையில், எந்த இடைவெளியில், எத்தனை முறை படித்தார் என்பதெல்லாம் நிரலிலேயே எழுதியிருக்கும். பொத்தானை அழுத்தியதற்கு அத்தகைய சான்று ஏதும் இல்லை. செய்முறைத் தேர்வில் நாமோ படியோலையைப் பார்த்தே மதிப்பெண் தருகிறோம்.

இரு மறுப்புகள்

"மூன்று மணி நேரச் செய்முறை வகுப்பில் நிரல் எழுத நேரம் ஏது?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்ன சோதனைக்கு வேண்டிய நிரல் பத்து வரிகளுக்கு மேல் போகாது. பருவத்திற்கு எட்டுச் சோதனைகளை ஆயத்தத் திரையில் செய்வதைவிட, நான்கு சோதனைகளைத் தாமே எழுதிய நிரலால் செய்வது மேல் என்பது என் கருத்து.

"தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நிரல்மொழி ஆங்கிலமாயிற்றே" என்பது இரண்டாம் மறுப்பு. திருநாவலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் கல்வராயன் மலைப் பகுதியிலிருந்தும் வரும் மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பைத்தான் பிழையைச் சுட்டுவது ஆங்கிலத்தில்தான். "இண்டென்டேஷன் எர்ரர்" என்று வந்தால், வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி தவறு என்று பொருள். இவ்வாறு அடிக்கடி வரும் பிழைச்செய்திகள் பத்துப் பன்னிரண்டுதான். அவற்றின் பொருளைத் தமிழில் எழுதி ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதி அச்சம் தீரும்.

மீதி அச்சத்திற்கும் வழி உண்டு. பைத்தானின் மூன்றாம் பதிப்பு, மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளில் பெயரிட இடம் தருகிறது. 'மின்தடை', 'நேரம்', 'மின்னழுத்தம்' என்றே பெயர் வைக்கலாம். பெயருக்குள் இடைவெளி மட்டும் கூடாது. கட்டளைச் சொற்கள் சில ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் "கால மாறிலி என்பது மின்தடையும் மின்தேக்குத்திறனும் பெருக்கியது" என்னும் வரியைத் தமிழிலேயே எழுதி ஓடவும் வைக்கலாம். தமிழ் வழி மாணவருக்குப் பொத்தான் போதும், நிரல் ஆங்கில வழி மாணவருக்கு என்று நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. நடைமுறையில் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினைக்குக் கருவியும் காரணமன்று, மொழியும் காரணமன்று.

செய்ய வேண்டுவன

வாசகர்களுள் ஆசிரியர்களும் மாணவர்களும் இருப்பீர்கள். நீங்கள் இப்பருவத்திலேயே செய்யக்கூடியவை சில. எக்ஸ்பைஸ் கிடைத்தால் முதலில் ஆயத்தத் திரையைத் திறக்காதீர்கள். ஒரு புதிய 1.5 வோல்ட் மின்கலத்தை நல்ல பன்னளவியால் அளந்துவிட்டு, நான்கு வரி நிரலால் அதே மின்கலத்தை அளந்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்தேக்கிச் சோதனையை 1 கிலோ ஓம், 100 கிலோ ஓம், 1 மெகா ஓம் ஆகிய மூன்று மின்தடைகளோடும் செய்து, விடை ஏன் விலகுகிறது என்று கணக்கிடுங்கள். நிரலையும் அளவீட்டுக் கோப்பையும் குறிப்பேட்டோடு சேர்த்து வையுங்கள். இவ்வளவும் முடிந்தபின் ஆயத்தத் திரையைத் திறந்து பாருங்கள். அது தரும் எண்ணை அப்போது நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

எக்ஸ்பைஸை ஆக்கியவர்கள் நிரலையும் மின்சுற்றையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். மறைக்காத கருவியை வாங்கி, மறைத்த கருவியைப் போல் பயன்படுத்துவது நம் குறை. செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணில் ஒரு பங்கை மாணவர் தாமே எழுதிய நிரலுக்கென ஒதுக்கப் பாடத்திட்டக் குழுக்கள் முன்வந்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.